வசனம் கேட்கிறதா, பாட்டி?

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. பேராக்கின் ஆயர் தாவாரில், தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டு ஹால். சுவரில் 65 அங்குல டிவி. அதற்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் நடு ஸ்பீக்கர். அதன் முகத்தை மறைத்தபடி ஒரு குடும்பப் படமும் பள்ளி விளையாட்டுப் போட்டிக் கோப்பை இரண்டும். முன் ஸ்பீக்கர்கள் டிவியின் தோளை ஒட்டி நிற்கின்றன. பக்க ஸ்பீக்கர்கள் சீலிங் மூலைகளில் தொங்கி எதிர்ச் சுவரின் உச்சியைப் பார்க்கின்றன. சாமி மேடைக்குப் பக்கத்து மூலையில் சப்வூஃபர். சோபா, பின்சுவரோடு சுவராக.

படத்தில் அம்மாவும் மகனும் பேசுகிறார்கள். "என்னா பேசிக்கிறாங்கன்னே வெளங்கல, ஐயா. கொஞ்சம் கூட்டு" என்கிறார் பாட்டி. பேரன் ரிமோட்டை அழுத்துகிறான். அடுத்த நிமிடம் சண்டைக்காட்சி. ஜன்னலில் நாக்கோ கண்ணாடிகள் கிடுகிடுக்கின்றன. அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல்: "டேய், கொற! பக்கத்து வீட்டு அங்கல் காலையில ஷிஃப்டுக்குப் போவணும்." குறைக்கிறான். மறுபடி வசனம். மறுபடி "கூட்டு". படம் முடியும்வரை ரிமோட் கையை விட்டு இறங்குவதில்லை.

சித்தியவானிலிருந்து ஈப்போவரை 'சரவுண்ட் செட்' வைத்திருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இது பழகிய சங்கதி. சத்தம் இருக்கிறது, பேச்சு இல்லை. தீபாவளிக்கு முன்பாக இன்னும் பெரிய செட் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சரியாகாது. குறை பெரும்பாலும் செட்டில் இல்லை. அது நிற்கும் இடத்திலும், நாம் உட்காரும் இடத்திலும், ஹாலின் தரையிலும்தான் இருக்கிறது.

திடலிலிருந்து தாமானுக்கு

பேராக் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு சினிமா என்றால் முதலில் திடல்தான். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி, ஒரு புரொஜெக்டர், கம்ப உச்சியில் குழாய் ஸ்பீக்கர். தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஜனம் பாயோடு வந்து உட்காரும். இடம் இல்லையென்றால் துணிக்கு மறுபக்கம் உட்கார்ந்தும் பார்ப்பார்கள். ஒலி ஒரே இடத்திலிருந்து வந்தது. ஆனாலும் வசனம் தெளிவாகக் கேட்டது. காரணம் எளியது: திறந்த வெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை.

பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயங்களை விட்டுப் பட்டணத்து ஓரங்களுக்கு வந்து சேர்ந்தன. அந்த இடப்பெயர்ச்சியின் வலியைச் சொன்ன படம் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. 2015-ல் வந்து, அடுத்த ஆண்டே மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. வந்தவர்களில் பலர் வாங்கிய முதல் சொத்து வரிசை வீடு: செங்கல் சுவர், சிமெண்டுப் பூச்சு, டைல்ஸ் தரை, இருபக்கமும் அண்டை வீட்டோடு பொதுச் சுவர். பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட லயத்தில் மழை பெய்தால் ரேடியோ கேட்காது. புதிய வீட்டில் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் கல் வீட்டுக்கு வேறொரு குணம் உண்டு. உள்ளே பிறந்த ஒலியை அது லேசில் வெளியே விடாது.

1996-ல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி வந்தது, அதில் வானவில் தமிழ் அலைவரிசை வந்தது. பிறகு டிவிடி, கரோக்கே செட், ஹோம் தியேட்டர், இப்போது இணையவழிப் படங்கள். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கித் திரையரங்குகள் மூடப்பட்டதும் ஹாலே தியேட்டர் ஆனது. அரங்குகள் திறந்த பிறகும் பல குடும்பங்கள் ஹாலை விடவில்லை.

பெட்டிச் செய்தி: ஒலி வந்த வழி

1931: நடிகர் திரையின் ஓர் ஓரத்தில் நிற்க, குரல் வேறெங்கிருந்தோ வருகிறதே என்று குறைப்பட்டவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன். அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

1940: டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' அரங்கைச் சுற்றி ஒலியை ஓடவிட்டது.

1992: 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டல் திரைக்கு வந்தது. முன்னே மூன்று, பக்கத்தில் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று. இதுதான் 5.1.

1995: கமல்ஹாசனின் 'குருதிப்புனல்', டால்பி ஸ்டீரியோ சரவுண்டைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படமாக அறியப்படுகிறது.

2012: ஒலியைத் தலைக்கு மேலும் கொண்டுபோகும் டால்பி அட்மாஸ் அறிமுகம். அந்த டிசம்பரிலேயே 'சிவாஜி' படத்தின் முப்பரிமாண வடிவம் அட்மாஸில் வெளியானது.

முதலில் சோபாவை நகர்த்துங்கள்

இந்த வட்டாரத்து ஒற்றை மாடி வரிசை வீட்டு ஹாலைச் சுமாராக 20 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். நீளமான பொதுச் சுவரில் டிவி, எதிரே படுக்கையறைச் சுவரில் சோபா. ஒரு பக்கம் வாசல் கிரில், மறுபக்கம் சாப்பாட்டு மேசைக்குப் போகும் திறப்பு. ஸ்பீக்கர் விற்பவரின் படத்தில் இருக்கும் நான்கு சுவர்ச் சதுர அறை இங்கே கிடையாது. பக்கச் சுவரே இல்லாத ஹாலில் பக்க ஸ்பீக்கரை எங்கே மாட்டுவது என்று தெரியாமல்தான் அவை சீலிங் மூலைக்குப் போய்விடுகின்றன.

விடை சோபாவில் இருக்கிறது. சுவரை ஒட்டிய சோபாவில் சாய்ந்தால் காதுக்கும் பின்சுவருக்கும் இடைவெளி ஓரடிதான். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, முன்னாலிருந்து வரும் ஒலியோடு மோதி, 290 ஹெர்ட்ஸ் அளவில் அதைக் குழியாக்கிவிடும். மனிதக் குரலின் கனம் இருக்கும் இடம் அது. அதோடு அடித்தொனி சுவரோரம் குவிவதால் குரல் மெலிந்து, முழக்கம் தடித்துக் கேட்கும். பாட்டியின் குறையில் பாதி இங்கேயே பிறக்கிறது.

சோபாவை ஓரடி முன்னே இழுத்தால் காது சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வரும். இப்போது பின்சுவரிலேயே, நடு இருக்கையிலிருந்து இடமும் வலமும் ஐந்தைந்து அடியில் பக்க ஸ்பீக்கர்களை மாட்டினால், கேட்பவரின் மூக்குக்கு நேர்கோட்டிலிருந்து கணக்கிட்டு ஏறக்குறைய 110 பாகையில் அவை அமர்கின்றன. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 5.1 ஒலிக்குப் பரிந்துரைக்கும் 100 முதல் 120 பாகைக்கு நட்டநடு இது. பக்கச் சுவர் தேவையே இல்லை. தூக்கிச் சீலிங்கில் மாட்டவும் வேண்டாம். காது மட்டத்துக்கு ஓரடி, இரண்டடி மேலே போதும். ஸ்பீக்கரின் முகம் எதிர்ச் சுவரைப் பார்க்காமல், நடு இருக்கையின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

'ஹால் குறுகிவிடுமே' என்று வீட்டுக்காரர்கள் தயங்குவது புரிகிறது. விருந்தாள் வரும் நாளில் சோபாவைப் பின்னே தள்ளிக்கொள்ளலாம். படம் பார்க்கும் இரண்டரை மணி நேரத்துக்கு அந்த ஓரடி வேண்டும்.

நடு ஸ்பீக்கர் என்னும் தலைவாசல்

5.1-ல் கலக்கப்படும் படங்களில் வசனத்தின் பெரும்பகுதி ஒரே வழியாகத்தான் வருகிறது: நடு ஸ்பீக்கர். அதைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்துவிட்டு, முன் ஸ்பீக்கரைப் பெரிதாக்கிப் பயனில்லை. நம் வீடுகளில் செய்யப்படும் தவறுகளில் மிகவும் மோசமானது இதுதான், திருத்துவதற்கு மிகவும் சுலபமானதும் இதுதான்.

அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், முடிந்தால் கழற்றிவிடுங்கள். ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை முன்னே இழுத்து, படம், கோப்பை, பூச்சாடி எல்லாவற்றையும் வேறிடம் மாற்றுங்கள். அலமாரி தாழ்வாக இருந்தால் ஸ்பீக்கரின் முன்பக்கத்தைச் சிறு ரப்பர் துண்டுகளால் உயர்த்தி, அதன் வாய் பாட்டியின் காதைப் பார்க்கும்படி சாய்க்க வேண்டும். பிறகு, ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரின் அமைப்புக்குள் போய் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டலாம். மொத்தச் சத்தத்தைக் கூட்டுவதும் இதுவும் ஒன்றல்ல. வசனம் மட்டும் மேலே வரும். வெடிச்சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வயதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த தொனிகளைத்தான். க, ச, ட, த போன்ற வல்லெழுத்துகளின் கூர்மை அந்தத் தொனிகளில்தான் இருக்கிறது. குரல் காதில் விழும், சொல் பிடிபடாது. 'பாட்டிக்குக் காது மந்தம்' என்று ஒதுக்கும் முன்னால், அந்தத் தொனிகளை வீட்டு அலமாரி எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பதே நியாயம். பெரியவர் வழக்கமாக உட்காரும் ஓர நாற்காலியை விட்டு, சோபாவின் நடு இருக்கையை அவருக்குக் கொடுப்பதும் நியாயம்தான்.

பெட்டிச் செய்தி: அளவு நாடாவோடு பத்து நிமிடம்

முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவே எட்டு முதல் பத்தடி இடைவெளி விடுங்கள் (சோபா டிவியிலிருந்து ஒன்பது, பத்தடி தள்ளியிருந்தால்). டிவியை ஒட்டி வைத்தால் இசை ஒரே குவியலாகிவிடும்.

உயர்தொனி ஸ்பீக்கர், அதாவது சிறிய வட்டம், உட்கார்ந்தவரின் காது மட்டத்தில் இருக்கட்டும்: தரையிலிருந்து மூன்று முதல் மூன்றரை அடி.

நடு இருக்கையிலிருந்து முன் இடம், முன் வலம் இரண்டும் சம தூரம். சமமாக வைக்க வழியில்லை என்றால் ரிசீவரில் தூரத்தை அளந்து பதியுங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது (30 பாகை வெப்பத்தில்). ஓரடி வித்தியாசத்தையும் ரிசீவர் கணக்கில் கொள்ளும்.

ரிசீவரின் தானியங்கி அளவீட்டுக்கு மைக் வைக்கும்போது மின்விசிறியையும் ஏர்கோனையும் நிறுத்துங்கள். மைக் காது உயரத்தில் இருக்கட்டும், மேசைமேல் அல்ல.

டைல்ஸ் தரை கெடுக்கும் வேலை

ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று ஒரு வால் நீண்டால் அதுதான் எதிரி.

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு இதே தலைவலி. ஃபாக் கலைக்கூடத்தின் புதிய விரிவுரை அரங்கில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியருக்கு வந்தது. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பினார். எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். விடிவதற்குள் திருப்பி வைத்தார். அறை ஒலியியலின் அடிப்படைச் சூத்திரம் அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது.

அதே சூத்திரத்தை நம் 20-க்கு 12 ஹாலில் போட்டுப் பார்த்தால், வெறும் டைல்ஸும் சிமெண்டுச் சுவரும் மட்டும் இருக்கையில் ஒலி அடங்க இரண்டரை விநாடி ஆகும். தமிழ்ப் படத்தில் வேகமாகப் பேசுகிறவர் ஒரு விநாடிக்கு ஐந்தாறு அசை பேசுவார். முதல் அசை சாகும் முன்னே பத்துப் பன்னிரண்டு அசை அதன்மேல் ஏறிவிடுகிறது. இந்த நிலையில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். தெளிவு ஒரு துளியும் கூடாது.

சோபாவுக்கு முன்னே தடித்த கம்பளம், ஜன்னலுக்கு மடிப்பு நிறைந்த கனத்த திரைச்சீலை, ரெக்சினுக்குப் பதில் துணி சோபா: இவை மூன்றும் வந்தால் அந்த இரண்டரை விநாடி ஏறக்குறைய ஒன்றாக இறங்கும். புத்தக அலமாரியும் உதவும். பிளாஸ்டிக் பாய் உதவாது, அது ஒலியைத் திருப்பித்தான் அனுப்பும். தூசிக்கும் ஈரத்துக்கும் பயந்து கம்பளம் வேண்டாம் என்பவர்கள், மெல்லிய கம்பளத்தைப் படம் பார்க்கும் நேரத்தில் விரித்துப் பிறகு சுருட்டி வைக்கலாம். தோட்டத்தில் பாய் விரித்துப் படம் பார்த்த ஜனத்துக்கு அது புதிய வேலையில்லை.

பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம்

அண்டை வீட்டோடு வரும் மனத்தாங்கலுக்குப் பெரும்பாலும் சப்வூஃபர்தான் காரணம். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 14 அடிக்கு மேல். அரைச் செங்கல் சுவர் அதற்குப் பெரிய தடையே அல்ல. பேச்சு நின்றுவிடும் இடத்தில் முழக்கம் நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் படம் தெரியாது, கதை தெரியாது. 'தும் தும்' மட்டும் கேட்கும். அதுவும் சுழற்சி முறையில் வேலை செய்பவரின் தூக்க நேரத்தில்.

மூலையில் வைத்தால் சப்வூஃபர் அதிகமாக முழங்கும். அதனால்தான் கடையில் 'மூலையில் வையுங்க' என்கிறார்கள். முழக்கம் அதிகமானால் நல்ல ஒலி என்று பொருளில்லை. 20 அடி நீளமுள்ள அறை சுமார் 28.5 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 57 ஹெர்ட்ஸிலும் தானாக முழங்கும். 10 அடி உயரமும் அதே 57-ல் முழங்குகிறது. இரண்டும் சேர்ந்துகொள்வதால் டிரம்ஸின் ஒரு குறிப்பிட்ட அடி மட்டும் வீட்டையே உலுக்கும், அடுத்த அடி காணாமல் போகும். நீளம் உயரத்தின் சரி இரட்டிப்பாக இருக்கும் ஹாலுக்கு இது கூடவே பிறந்த குறை.

இதற்கு ஒரு பழைய வித்தை உண்டு, காசு செலவில்லை. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில், சோபாமேலேயே தூக்கி வையுங்கள். அடித்தொனி நிறைந்த ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, டிவிச் சுவரோரமாகத் தவழ்ந்தபடியே கேட்டுச் செல்லுங்கள். எந்த இடத்தில் முழக்கம் குமுறாமல் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை இறக்குங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை. அடியில் தடித்த ரப்பர் பாதம் கொடுத்தால் தரைவழியே பரவும் அதிர்வும் குறையும்.

இரவு பத்துக்குமேல் ரிசீவரில் 'நைட் மோடு' போடலாம். பெரிய சத்தத்தை இறக்கி, சிறிய பேச்சை ஏற்றிக் கொடுக்கும் வசதி அது. பல வீடுகளில் அந்தப் பொத்தான் ஒரு முறைகூட அழுத்தப்பட்டதில்லை.

பிள்ளைகளின் காதும் இதில் அடக்கம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. கைப்பேசிச் செயலி ஒன்றே சுமாராக அளந்து காட்டிவிடும்.

பழைய பாட்டைச் சுற்றவிடாதீர்கள்

கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாடல்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. பாடகர் ஒருவர், அவர் நிற்கும் இடம் ஒன்று. அதை 'ஆல் சேனல் ஸ்டீரியோ' என்ற முறையில் போட்டு ஐந்து ஸ்பீக்கரிலும் ஒலிக்கவிட்டால் டி.எம்.சௌந்தரராஜன் ஒரே நேரத்தில் ஐந்து மூலையிலிருந்து பாடுவார்; குரல் உருக்குலைந்துவிடும். பழைய படத்துக்கு முன் ஸ்பீக்கர்கள் மட்டும் போதும். விருந்து, கரோக்கே என்றால் ஐந்தும் ஒலிக்கட்டும், அது வேறு கணக்கு.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் நடக்கிறது. புதிய படம் 5.1-ல் வந்திருக்கும், ஆனால் டிவியின் ஒலி அமைப்பு 'பிசிஎம்' என்று இருப்பதால் ரிசீவருக்கு இரண்டு தடம்தான் போய்ச் சேரும். வீட்டுக்காரர் ஆண்டுக்கணக்கில் சரவுண்ட் கேட்பதாக நம்பிக்கொண்டிருப்பார். படம் ஓடும்போது ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். 'டால்பி டிஜிட்டல்' என்றோ 'டால்பி டிஜிட்டல் பிளஸ்' என்றோ எழுத்து வரவில்லை என்றால், டிவி அமைப்புக்குள் போய் ஒலி வெளியீட்டை 'ஆட்டோ' அல்லது 'பாஸ்துரூ'வுக்கு மாற்றுங்கள்.

மின்னல், ஈரம், பல்லி

நம் வானிலைக்கும் ஒரு பத்தி ஒதுக்கியாக வேண்டும். உலகில் மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியா ஒன்று. சாயங்கால இடி கிளம்பும்போது பலர் பிளக்கை மட்டும் பிடுங்குகிறார்கள். ஆனால் மின்னல், ஆஸ்ட்ரோ தட்டிலிருந்து இறங்கும் கேபிளில் பாய்ந்து, டிகோடர் வழியாக எச்டிஎம்ஐ கம்பியில் ஏறி ரிசீவருக்குள் வந்துவிடும். அந்தக் கேபிளையும் கழற்ற வேண்டும். கடற்கரைப் பக்கமுள்ள நம் மஞ்சோங் வட்டாரத்து ஈரத்தில் பழைய ஸ்பீக்கர் கூம்பின் நுரை விளிம்பு சில ஆண்டுகளில் பொடியாக உதிரும். பழைய செட் வாங்குகிறவர்கள் முன்துணியைக் கழற்றி அந்த விளிம்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரப்பர் விளிம்பு நீண்ட நாள் நிற்கும். ரிசீவரின் காற்றுத் துளைகள் பல்லிக்குச் சுகமான வீடு. அது உள்ளே புகுந்து சர்க்யூட் பலகையில் கருகினால் செட்டும் சேர்ந்து போகும்.

அட்மாஸ் ஆசையில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். சீலிங்கில் பட்டுத் திரும்பும்படி ஒலியை மேலே அனுப்பும் ஸ்பீக்கர்களுக்குத் தட்டையான, கெட்டியான, அதிக உயரமில்லாத சீலிங் வேண்டும். ஹால் நடுவே மின்விசிறி சுழலும் வீட்டில், சரிந்த கூரை உள்ள வீட்டில், அவை கொடுத்த காசுக்கு வேலை செய்வதில்லை.

ஆக, தீபாவளி போனஸில் செலவழிக்க ஆயிரம் வெள்ளி இருக்கிறது என்றால் வரிசை இதுதான். முதலில் கம்பளமும் திரைச்சீலையும். அடுத்து நல்ல நடு ஸ்பீக்கர். அதன் பிறகு பக்க ஸ்பீக்கருக்கு உறுதியான தாங்கிகள். சீலிங் ஸ்பீக்கர் கடைசியில். கடைக்குப் போகும்போது ஹாலின் நீள, அகல, உயரத்தையும் சோபா நிற்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்தத் தாளைப் பார்க்காமலே பெட்டியை எடுத்துக் காட்டுகிற கடையில் வாங்காதீர்கள்.